தூறலுக்கு அஞ்சியவர்

கெடா மாநிலத்தில் பனி பொழிவதில்லை. மார்கழி விடியலில் ஜெராய் மலையின் தோளில் வெண்புகை போல் மூடுபனி படிந்திருக்கும். காற்றில் சற்றே குளிர் இருக்கும். பொழுது ஏறியதும் இரண்டும் போன இடம் தெரியாது. ஆயினும் இம்மாநிலத்து இரப்பர் மரங்களுக்கு ஒரு குளிர்காலம் உண்டு. தை, மாசி மாதங்களில் மழை குன்றிவிட, மரங்கள் தம் இலைகளைச் செம்பழுப்பாக்கி உதிர்த்துவிட்டு வெறுங்கிளைகளோடு நிற்கும். அப்பருவத்திற்கு வெள்ளைக்காரத் துரைமார் தம் நாட்டுக் குளிர்காலத்தின் பெயரையே சூட்டி, ‘விண்டரிங்’ என்று அழைத்தனர். வெயில் மண்டையைப் பிளக்கும் காலத்திற்கு இப்படி ஒரு பெயரா என்று தோட்டத்து மக்கள் நகைத்திருக்கக்கூடும். ஆனால், அத்தோட்டங்களின் செம்மண் சடக்குகளில் லோரி ஓட்டியவர்கள் நகைக்க மாட்டார்கள். பனிநாட்டுச் சாலை வழுக்குவது போலவே வழுக்கும் நாட்கள் கெடாவிலும் உண்டு. இலையுதிர்வு முடிந்து முதல் தூறல் விழும் நாட்களே அவை.

இதனை நன்கு அறிந்த பெரியவர் ஒருவர் சுங்கை பட்டாணி நகரின் புறத்தே, முன்பு இரப்பர்க் காடாக இருந்து இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ஒரு தாமானில் வாழ்ந்து வருகிறார். வயது எழுபதைக் கடந்துவிட்டது. பீடோங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் 35 ஆண்டுகள் ஓட்டுநராக இருந்தவர். பால் லோரி, உர லோரி, துரையின் லேண்ட்ரோவர், பின்னாளில் வந்த பிக்கப் என்று அவர் கைபடாத வண்டி அத்தோட்டத்தில் இருந்ததில்லை. பெற்றோர் இட்ட பெயரை எல்லாரும் மறந்து ‘டிரைவர்’ என்றே அழைத்தனர். ஓய்வு பெற்ற பின்னும் அதுவே நிலைத்துவிட்டது. அவரைப் பற்றித் தோட்டத்தில் ஒரு கேலியும் வழங்கி வந்தது. அடைமழையில் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டுவார், தூறல் விழுந்தால் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பீடி பற்ற வைப்பார் என்பர். கேலியாயினும் அது முற்றும் உண்மை.

தோட்டத்துச் சடக்கு பெரும்பாலும் செம்மண்ணையும் செம்புறைக் கல்லையும் கொட்டி இறுக்கியதாகும். கடாரம் என்று சோழர் கல்வெட்டுகள் குறிக்கும் இந்நிலத்தில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. பூஜாங் பள்ளத்தாக்கில் வெளிப்பட்ட பழங்கோயில் அடித்தளங்களுள் செம்புறைக் கல்லால் ஆனவையும் இருக்கின்றன. கோயிலைத் தாங்கிய அந்தக் கல் சடக்கில் தூளாகும்போது வேறு குணம் கொள்கிறது. இரண்டு மாத வெயிலில் லோரிச் சக்கரங்கள் அதனை மாவாக அரைத்துவிடும். அம்மாவின்மேல் உதிர்ந்த இலைகள் மெத்தையாகக் கிடக்கும். அடியில் சிமிட்டித் தரைபோல் இறுகிய நிலம். பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ ஒரு பிற்பகலில் வானம் இருண்டு, இடி முழங்கி, மழை கொட்டாமல் வெறும் தூறல் மட்டும் விழுந்தால், மேலே கிடக்கும் மாவு குழைந்து களிம்பாகிறது. அடித்தரை நனைவதில்லை. கெட்டித் தரைக்கும் டயருக்கும் நடுவே அந்தக் களிம்பு மசகெண்ணெய்போல் நின்றுவிடுகிறது.

நல்ல மழை அரைமணி நேரம் பெய்துவிட்டால் களிம்பு கழுவுண்டு வடிகாலில் ஓடிவிடும். சடக்கின் கல் தலைகாட்டும்; டயருக்குப் பிடி கிடைக்கும். தார்ச்சாலையிலும் இதுவே நடக்கிறது. பல நாள் வெயிலில் வண்டிகள் சிந்திய எண்ணெயும் தேய்ந்த டயரின் துகளும் சாலைமேல் படிந்திருக்க, முதல் தூறல் அவற்றை மிதக்க வைக்கிறது. பெருமழை அவற்றை அடித்துச் செல்கிறது. ஆகவே நனைந்த சாலைகளுள் மிகக் கொடியது அரைகுறையாக நனைந்த சாலையே ஆகும். இதனைப் பெரியவர் ஏட்டில் படித்து அறியவில்லை. அறிந்த விதம் வேறு.

அது 1975ஆம் ஆண்டு சித்திரை மாதம். அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. லோரி ஓட்டும் உரிமம் பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை. தளிர்கள் அப்போதுதான் விரிந்து கொண்டிருந்தன. இலையற்ற மரம் பால் தருவதில்லை. தளிர் முற்றும்வரை கறவை குறைந்தே இருக்கும். வழக்கமாக நிரம்பி வழியும் லோரித் தொட்டி அன்று பாதியளவே இருந்தது. பால் நிறுத்து முடிந்ததும், தூரத்துத் தீம்பாரில் வேலை செய்த பெண்கள் சிலர், காண்டா வாளிகளோடு லோரியின் பின்புறத்தில், தொட்டிக்கும் பின்கதவுக்கும் இடையே இருந்த சிறிய இடத்தில் ஏறிக்கொண்டனர். லயத்துக்கு மூன்று மைல் நடப்பதற்கு யாருக்கும் மனம் வராது. அவர்களுள் ஒருவர் அவருடைய தமக்கை. நான்கு வயது மூத்தவர். தாயில்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்.

சடக்கு ஓரிடத்தில் சரிந்து இறங்கி, வளைந்து, ஒரு மரப்பாலத்தை அடைகிறது. சரிவின் தலைப்பை எட்டியபோது தூறல் விழுந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. இளைஞர் மேல் கியரிலேயே இறங்கத் தொடங்கினார். வளைவு நெருங்கியபோதுதான் வேகம் மிகுதி என்பது அவருக்கு உறைத்தது. உறைத்ததும் பிரேக்கை முழுவதும் மிதித்தார். பின்சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொண்டன. சுழலும் சக்கரத்திற்குத்தான் திசை உண்டு. பூட்டிய சக்கரம் எப்பக்கமும் வழுக்கும். தொட்டியில் பாதியளவே இருந்த பால் முதலில் முன்னே பாய்ந்து மோதியது, பிறகு பக்கவாட்டில் மோதியது. முழுத் தொட்டியின் பால் அசைவதற்கு இடமிராது. பாதித் தொட்டியின் பால் ஒரு மதயானையின் எடையோடு உள்ளேயே ஓடும். லோரியின் வால் சுற்றி வந்து வடிகாலில் இறங்கியது. பின்கதவோரம் அமர்ந்திருந்த தமக்கை தூக்கி எறியப்பட்டார். கரைக்கும் லோரியின் சட்டத்துக்கும் இடையே அவருடைய வலக்கால் அகப்பட்டுக்கொண்டது.

உயிருக்கு ஆபத்தில்லை. மூன்று மாதம் மருத்துவமனையில் கிடந்து எழுந்தார். எலும்பு கூடியது; ஆனால் கால் ஒரு விரற்கடை குறுகிவிட்டது. பால் வெட்டும் வேலைக்கு மீண்டும் போனார், விந்தி விந்தி. மணமாகி மக்கள் பிறந்து, “கால் ஏன் அம்மா இப்படி?” என்று அவர்கள் கேட்டபோதெல்லாம், “சின்ன வயசுல வடிகால்ல விழுந்துட்டேன்” என்பார். அது பொய்யன்று. தம்பியோ அக்கதையின் மற்றப் பாதியை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆண்டிலிருந்து அவர் ஓட்டிய விதமே மாறியது. சரிவின் தலைப்பிலேயே வண்டியை ஏறத்தாழ நிறுத்திவிட்டு, இரண்டாம் கியருக்கு மாற்றிக்கொண்டுதான் இறங்குவார். இயந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ள, பிரேக்குக்கு வேலையிராது. பாதிச் சரிவில் கியரை மாற்றுவதை அவர் அறவே வெறுத்தார். மாற்றும் அந்த ஒரு கணத்தில் வண்டியைப் பிடிக்க எதுவுமில்லை அல்லவா? வளைவுக்கு முன்னே வேகத்தைக் குறைப்பார். வளைவுக்குள் கால் பிரேக்கைத் தொடாது. எல்லாம் மீறி வால் வழுக்கினால் என்ன செய்வது என்று அவரிடம் பழகிய இளைஞர்கள் கேட்பதுண்டு. இரண்டு காலையும் எடு. வால் போகும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பு. கண்ணை வடிகாலில் வைக்காதே, போக வேண்டிய இடத்தில் வை என்பார். கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கடினம் என்றும் சொல்வார். அச்சம் எங்கே இருக்கிறதோ அங்கேயே மனிதனின் கண் போய் நிற்கிறது. கண் போன பக்கம் கை போகிறது.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னே அவர் வைத்த விதி, தூறலில் கிளம்பாதே என்பது. அதற்கு விலையும் கொடுத்தார். 1980களின் பிற்பகுதியில் ஒரு நாள், பால் ஏற்றிய லோரி கிளம்பும் வேளையில் தூறல் தொடங்கியது. அவர் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். அம்மோனியா கலந்திருந்தாலும் கறந்த பால் நெடுநேரம் காத்திருக்காது. மழைநீர் பட்டுவிட்ட பால் இன்னும் விரைவில் திரியும். அப்போதைய கிராணி குடையோடு ஓடிவந்து கத்தினார்.

“என்னப்பா, பால் கட்டிப்போனா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் ஐயா. மழை ஒண்ணு கொட்டணும், இல்ல விடணும்.”

நாற்பது நிமிடம் கழித்துத்தான் மழை கொட்டியது. பாலின் ஒரு பகுதி திரிந்து போயிற்று. அந்த மாதச் சம்பளத்தில் அதற்கென ஒரு தொகை பிடிக்கப்பட்டது. பாலை இறக்கிவிட்டு அதே லோரியில்தான் பீடோங் பட்டணத்து இடைநிலைப்பள்ளி மாணவர்களை ஏற்றி வர வேண்டும். திறந்த லோரியில் அடைமழையில் நனைந்து, புத்தகப் பைகளைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்த அந்தப் பிள்ளைகளுக்குக் கிராணியைவிட அதிகக் கோபம் இருந்தது. அவர்களுள் சிலர் இன்று ஆசிரியர்கள். மாணவர்களை மனிதச் சரக்காக லோரியில் ஏற்றிய அந்தக் காலம் போய்விட்டது, போனது நல்லதே.

அப்பெரியவர் கை அளவில் அறிந்ததைக் கணக்காகவும் காட்டலாம். இயற்பியல் பயிலும் மாணவர்க்கு அது எளிது. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டித்தால் நிறுத்தத் தேவைப்படும் தொலைவு நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டி, உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் மிதித்த பின் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும். நனைந்த சாலையில் 35 மீட்டராகும். பனிக்கட்டி மூடிய சாலையில் 140 மீட்டரையும் தாண்டும். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு காலை எடுத்து வைப்பதற்குள் வண்டி ஓடிவிடும் தொலைவு இதில் சேரவில்லை. பந்தாட்டத் திடலின் ஒரு முனையில் பிரேக்கை மிதித்தவர் மறுமுனையையும் கடந்து போய்க்கொண்டிருப்பார். பனிச்சாலையில் வேகத்தைப் பாதியாக்கினால் அத்தொலைவு மீண்டும் 35 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. வேகத்தைக் குறைப்பதைப் போல் மலிவான பாதுகாப்புக் கருவி வேறொன்றில்லை. அதைத்தான் யாரும் வாங்குவதில்லை.

பிக்கப் வண்டிக்கு இன்னொரு குறை உண்டு. அது பாரம் சுமப்பதற்கென்றே செய்யப்பட்டது. பாரமில்லாதபோது இயந்திரத்தின் கனமெல்லாம் முன்னே இருக்க, பின்புறம் வெறுந்தகடாக இலேசாகிவிடுகிறது. பின்சக்கரம் உந்தும் வண்டியாயின், தள்ள வேண்டிய சக்கரத்தின்மேல் எடையில்லை. காலி வண்டியின் வாலே முதலில் சுற்றுகிறது. தோட்டத்துப் பிக்கப்பில் மழைமாதங்களில் பெரியவர் இரண்டு உரமூட்டைகளை எப்போதும் வைத்திருந்தார். பின் அச்சுக்கு நேர்மேலே, கயிற்றால் வரிந்து கட்டி வைப்பார். பின்கதவோரம் வைத்தால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் கேட்காது. கட்டாமல் வைத்தால் பிரேக் மிதிக்கும்போது மூட்டை ஓட்டுநரைத் தேடி வரும். உரமூட்டையை வெளியே விற்றுவிட்டார் என்று ஒருமுறை புகார் எழுந்து, புதிதாக வந்த உதவித்துரை சோதிக்க வந்தாராம். மூட்டைகள் கட்டியபடியே இருந்தன. மேல் மூட்டையில் எலி கூடு கட்டியிருந்தது.

நான்கு சக்கரமும் உந்தும் வண்டிகள் வந்தபோது இளையவர்களின் அச்சம் குறைந்தது. பெரியவரின் அச்சம் கூடியது. சேற்றிலிருந்து கிளம்பவும் மேடேறவும் அவை பெருந்துணை என்பதை அவர் மறுக்கவில்லை. நிறுத்துவதற்கு அந்த நான்கு சக்கர உந்துதல் ஒன்றும் செய்வதில்லை. எளிதில் கிளம்ப முடிந்தவன் எளிதில் நிற்க முடியும் என்று நம்பிவிடுகிறான். இக்காலத்து வண்டிகளில் உள்ள ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. அதில் பிரேக்கை அழுத்தி மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப முடியும். 1975இல் அது இருந்திருந்தால் என்று எண்ணத் தோன்றும். ஆனால், தளர்ந்த சரளையிலும் உதிரிப் பனியிலும் அவ்வமைப்பு நிற்கும் தொலைவைக் குறைப்பதில்லை. சில வேளைகளில் கூட்டவும் செய்கிறது.

டயரைப் பற்றி அவர் சொல்வது சுருக்கமானது. பாதி தேய்ந்த டயரைப் பங்குனிக்கு முன் மாற்றிவிட வேண்டும். மலேசியச் சட்டம் 1.6 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளங்களை ஏற்கிறது, அவர் ஏற்பதில்லை. டயரின் பள்ளங்கள் சாலைநீரை ஒதுக்கித் தள்ளும் வாய்க்கால்கள். அவை தூர்ந்தால் நீர் ஆப்புப்போல் டயருக்கு அடியில் புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். 30 பவுண்டு அளவு காற்றழுத்தம் உள்ள டயர், சாலையில் நீர் தேங்கியிருந்தால், மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் நிலத்தை விட்டு மிதக்கத் தொடங்கும் என்பது ஆய்வாளர் கண்ட கணக்கு. தேய்ந்த டயர் அதற்கும் முன்பே மிதக்கும். கூட்டரசுச் சாலைகளில் அனுமதிக்கப்பட்ட உச்சவேகமும் 90 கிலோமீட்டரே என்பதை மழைநாளில் நினைத்துப் பார்ப்பது நல்லது.

அடைமழைக்கு அவர் அஞ்சவில்லை என்றதனால் வெள்ளத்திற்கும் அஞ்சவில்லை என்று கொள்ளக் கூடாது. 2021 ஆகஸ்ட் 18ஆம் நாள் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த நீர் யான் வட்டாரத்தில் உயிர்களைக் கொண்டு போயிற்று. 2022 ஜூலை 4ஆம் நாள் பாலிங் மாவட்டத்துக் கூப்பாங்கில் மரத்தடிகளும் சேறும் கலந்து வந்த வெள்ளம் மூவரைப் பலி கொண்டது. இரண்டடி ஆழமுள்ள ஓடும் நீர் பிக்கப்பையும் அடித்துச் செல்லும். சிறிய காருக்கு ஓரடியே போதும். உயரமான வண்டி என்ற இறுமாப்பே பலரை நீருக்குள் இறக்குகிறது. பெரியவர் ஓடும் நீருக்கு முன்னே நின்றுவிடுவார். அதைப் பற்றி அவரிடம் வேறு பேச்சில்லை.

தமக்கை இப்போது அவரோடுதான் இருக்கிறார். அவருடைய கடைசி மகன் கனடாவில், டொராண்டோவுக்கு வடக்கே உள்ள பேரி நகரில், வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலை செய்கிறார். தைப்பூசத்தை ஒட்டிய ஒரு நாள் இரவு அவர் மாமாவைக் கைப்பேசியில் அழைத்தார். அங்கே அப்போது காலை நேரம். பேச்சில் ஒரு நடுக்கம் இருந்தது. விடியற்காலையில் வேலைக்குப் போகும் வழியில் அவருடைய பிக்கப் ஒரு பாலத்தின்மேல் அரைவட்டம் சுற்றி, வந்த திசையையே பார்த்து நின்றுவிட்டதாம். எதிரே வண்டி வராததால் தப்பினார்.

“மாமா, ரோட்டுல ஒண்ணுமே தெரியல. வெறும் ஈரம் மாதிரிதான் இருந்துச்சு. நாலு சக்கரமும் இழுக்குற வண்டி, அப்படியும் திரும்பிடுச்சு.”

“இழுக்கறதுக்கு நாலு சக்கரம் சரி. நிக்கிறதுக்கு எல்லா வண்டிக்கும் நாலு சக்கரந்தான் தம்பி. பின்னால பாரம் இருந்துச்சா?”

“காலி வண்டி மாமா.”

“பிரேக்க எங்க மிதிச்ச? பாலத்துக்கு முன்னாலயா, மேலயா?”

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. “மேலதான்.”

கரும்பனி என்று அந்நாட்டார் அதனைக் கூறுவர். கண்ணாடிபோல் மெல்லிய பனிக்கட்டி சாலையை மூடியிருக்கும்; அதனூடே தாரின் கருமையே தெரிவதால் கண்ணுக்குப் புலப்படாது. பாலத்தில் அது முதலில் படியும். நிலத்தின்மேல் உள்ள சாலைக்கு அடியில் மண்ணின் வெப்பம் கொஞ்சம் இருக்கிறது. பாலத்துக்கோ மேலும் காற்று, கீழும் காற்று. ஓடும்போது டயரின் இரைச்சல் திடீரென அடங்கினால் கரும்பனிமேல் ஏறிவிட்டோம் என்று அறியலாம். மருமகன் இவற்றைச் சொல்லச் சொல்லப் பெரியவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பனியை அவர் பார்த்ததில்லை. குளிர்பெட்டியில் உள்ளதைத் தவிர பனிக்கட்டியைத் தொட்டதும் இல்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த ஐஸு எப்பவும் ஒரே மாதிரி வழுக்குமா?”

“இல்ல மாமா. இருபது டிகிரி கீழ போனா டயர் ஓரளவு பிடிக்கும். பூஜ்யத்துக்குப் பக்கத்துல, உருகியும் உருகாம இருக்கிறப்பதான் ஆளையே தூக்கிடும்.”

பெரியவர் சிரித்தார். “அப்ப அது நம்ம தூறல்தான்டா!”

உண்மையும் அதுவே. கடுங்குளிரில் இறுகிய பனிக்கட்டியின்மேல் நீர் இல்லை. உறைநிலையை ஒட்டியிருக்கும் பனிக்கட்டியின்மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது; கெட்டித் தரையின்மேல் செம்மண் களிம்பு நிற்பதைப் போல. இதன் பின் இருவருக்கும் பேச்சு எளிதாயிற்று. குளிர்காலத்துக்கென்றே செய்த டயர்களை மருமகன் இன்னும் மாற்றவில்லை. ஏழு பாகைக்குக் கீழே சாதாரண டயரின் இரப்பர் விறைத்துவிடுகிறது. குளிர்காலத்து டயர் நெகிழ்வாகவே இருக்கிறது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஒண்டாரியோவில் அப்படிக் கட்டாயமில்லை என்று மருமகன் சொன்னபோது, சட்டம் கேட்காவிட்டால் என்ன, சடக்கு கேட்கிறதே என்றார் மாமா. உலகின் டயர்களுக்குப் போகும் கட்டி இரப்பரில் பெரும்பகுதி, சிரட்டையிலும் கோட்டிலும் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலிலிருந்து வருவது. தமக்கையின் கைகள் முப்பது ஆண்டுகள் சாக்குச் சாக்காகச் சேர்த்தது அதைத்தான்.

சரிவின் தலைப்பில் கியர், பாலத்துக்கு முன் பிரேக், முன்னே போகும் வண்டிக்கும் நமக்கும் இடையே விட வேண்டிய தொலைவு என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லி வந்தார். பின்புறத்தில் பாரம் வைக்க உரமூட்டைக்கு அங்கே எங்கே போவது என்று மருமகன் கேட்டார். மணல் மூட்டை வை என்றார். அந்நாட்டுப் பழைய ஓட்டுநர்களும் மணல் மூட்டைதான் வைக்கிறார்களாம். வண்டி புதைந்துகொண்டால் சக்கரத்தின் அடியில் தூவவும் அந்த மணல் உதவும்.

“மாமா, பனியையே பார்க்காத ஆளு நீங்க. இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?”

பெரியவர் பதில் சொல்லவில்லை. தமக்கை எதிர் நாற்காலியில் அமர்ந்து, கைப்பேசியிலிருந்து வந்த மகனின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். வலக்காலை வழக்கம்போல் நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். ஐம்பது ஆண்டுகளாக அக்கால் அந்த வீட்டில் நடந்து கொண்டிருக்கிறது. ஒரு நாளேனும் அதனைக் காட்டி அவர் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இவருக்கு இலேசாக இருந்திருக்கும்.

“உங்கம்மா காலு இருக்குல்ல?” என்றார் பெரியவர். “அது சும்மா வடிகால்ல விழுந்தது இல்லடா. லோரி விழுந்துச்சு. சரிவுல பிரேக்க மிதிச்சு, வால் சுத்திடுச்சு. அந்த லோரிய ஓட்டுனது நான்தான்.”

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. எங்கோ ஒரு பனிவாரும் வண்டி உறுமிக்கொண்டு கடந்து போகும் ஓசையும் கேட்டது. தமக்கை தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் கையை நீட்டிக் கைப்பேசியை இழுத்துக்கொண்டார்.

“ஐயா, மாமா சொன்ன மணல் மூட்டைய இன்னிக்கே வாங்கிடு. சும்மா தூக்கிப் போடாத, கயிறு போட்டுக் கட்டு. கட்டிட்டுப் படம் புடிச்சு மாமாவுக்கு அனுப்பு. அவன் பார்த்துட்டுச் சரின்னு சொன்னப்புறம் வண்டிய எடு.”